‘புதிதாக யோசியுங்கள்’ என்றால் எங்கிருந்து தொடங்குவது?

வாசகர் கேள்வி: திருப்பூரில் ஏற்றுமதி பனியன் நிறுவனம் ஒன்றில் செக்கிங் பிரிவின் பொறுப்பாளராக இருக்கிறேன். தைத்து வரும் டி-ஷர்ட்டுகளில் ஆல்டருக்கு, அதாவது பிரித்துச் சரிசெய்வதற்கு, திரும்பும் பீஸ்கள் குறையவே மாட்டேன் என்கின்றன. ஊசி ஓட்டை, தையல் விட்டுப்போவது, கழுத்து ரிப் ஏறி இறங்குவது, எண்ணெய்க் கறை எனத் தினமும் அதே கதைதான். மீட்டிங் போட்டால் ‘செக்கிங்குக்கு ஆள் கூட்டுவோம்’, ‘டெய்லருக்கு அபராதம் போடுவோம்’ என்ற இரண்டு பதில்களைத் தாண்டி எதுவும் வருவதில்லை. முதலாளி என்னை ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்பினார். ஒன்பது புள்ளிகளைப் பேனாவை எடுக்காமல் நான்கு நேர்கோடுகளால் இணைக்கச் சொன்னார்கள். ‘கட்டத்துக்கு வெளியே யோசியுங்கள்’ என்றார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தால் ஒன்றும் தோன்றவில்லை. நான் பிளஸ் டூ வரைதான் படித்தவன். இந்தத் திறமை பிறவியிலேயே இருக்க வேண்டுமா, பழக்கத்தில் வருமா? வரும் என்றால் எந்த முறையில் தொடங்கலாம்?

பதில்: அன்புள்ள நண்பருக்கு, உங்கள் படிப்பைப் பற்றிய கவலையை முதலில் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் குறிப்பிட்ட அந்த ஒன்பது புள்ளிப் புதிரை வைத்தே 1981-இல் வைஸ்பர்க், ஆல்பா என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். புள்ளிகளுக்கு வெளியே கோட்டைக் கொண்டுபோகலாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்ட பிறகும் பெரும்பாலோரால் புதிரை அவிழ்க்க முடியவில்லை. அதே வகையைச் சேர்ந்த எளிய புதிர்களில் கைப்பழக்கம் பெற்றிருந்தவர்களே மேலாகச் செய்தார்கள். ஆகவே ‘வெளியே யோசி’ என்ற அறிவுரையைக் கேட்டுவிட்டு ஒன்றும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தது உங்கள் குறை ஆகாது. அந்த அறிவுரையில் செய்வதற்கு எதுவும் இல்லை.

யோசனை ஏன் ஒரே தடத்தில் ஓடுகிறது என்பதை விளக்க, ஆபிரகாம் லூச்சின்ஸ் என்பவர் 1942-இல் வெளியிட்ட ஆய்வில் வரும் ஒரு கணக்கை உங்கள் முன் வைக்கிறேன். தாளும் பேனாவும் எடுத்துப் போட்டுப் பாருங்கள். உங்களிடம் 21, 127, 3 அளவுகள் கொள்ளும் மூன்று குடங்கள் இருக்கின்றன, சரியாக 100 அளவு தண்ணீர் வேண்டும். பெரிய குடத்தை நிரப்பி, அதிலிருந்து 21-ஐ ஒரு முறையும் 3-ஐ இரண்டு முறையும் எடுத்தால் 100 வந்துவிடும். இதே வழியில் தீரும் கணக்குகளை அடுத்தடுத்துக் கொடுத்துவிட்டு, பிறகு 23, 49, 3 அளவுள்ள குடங்களைக் கொடுத்து 20 கேட்டார்கள். பழகிய வழியிலேயே போனாலும் விடை வருகிறது: 49-இலிருந்து 23, பிறகு 3, மறுபடி 3. ஆனால் 23-இலிருந்து 3-ஐ எடுத்தால் ஒரே அடியில் 20. முன்கணக்குகளைப் போட்டுப் பழகியவர்களில் பெரும்பாலோர் நீண்ட வழியிலேயே போனார்கள்; பழகாதவர்கள் குறுக்கு வழியைச் சட்டென்று கண்டார்கள்.

உங்கள் மீட்டிங்கில் நடப்பதும் இதுதான். ஆள் கூட்டுவதும் அபராதம் போடுவதும் என்றோ ஒரு நாள் பலன் தந்திருக்கும்; அதனாலேயே அடுத்த வழி கண்ணில் படுவதில்லை. ஆகவே உங்களுக்கு வேண்டியது புதுப் பதிலைத் தேடும் உத்தி என்று நான் கருதவில்லை. கேள்வியை மாற்றி எழுதும் பழக்கமே முதலில் வேண்டும். மற்ற முறைகள் எல்லாம் அதற்கு உதவியாக வருபவை.

இதற்குத் தொழிற்சாலைத் தரம் பற்றிப் பேசுபவர்கள் அடிக்கடி எடுத்துச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று ஜப்பானில் 1961-இல் நடந்தது. சிறிய மின் சுவிட்ச் செய்யும் ஒரு தொழிற்சாலை. ஒவ்வொரு சுவிட்சிலும் இரண்டு பொத்தான்கள், ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் ஒரு சுருள்வில். எப்போதாவது ஒரு தொழிலாளி சுருள்வில்லை வைக்க மறந்து மூடிவிடுவார். பொருள் வாடிக்கையாளரிடம் போன பிறகுதான் தெரியவரும். ஒவ்வொரு புகாருக்குப் பிறகும் ‘கவனமாக இருங்கள்’ என்று திட்டு விழும், சில நாள் சரியாக இருக்கும், மறுபடி பழைய நிலை. அங்கே ஆலோசகராகச் சென்ற ஷிகேயோ ஷிங்கோ, தொழிலாளிகள் மறக்காமல் இருக்க என்ன செய்வது என்ற கேள்வியையே விட்டுவிட்டார். மறப்பது மனித இயல்பு, மறந்தது அந்த இடத்திலேயே தெரிய என்ன வழி என்று கேட்டார். அதன் பிறகு, வேலையைத் தொடங்கும் முன் பெட்டியிலிருந்து இரண்டு சுருள்வில்களை எடுத்து ஒரு சிறு தட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று முறை மாறியது. மூடும்போது தட்டில் ஒன்று மிச்சம் இருந்தால் அதை உள்ளே வைக்கவில்லை என்று பொருள். புதிய இயந்திரம் வாங்கவில்லை, ஆளும் கூட்டவில்லை.

இப்போது உங்கள் கேள்வியைப் பாருங்கள். ‘டேமேஜ் பீஸைத் தப்ப விடாமல் பிடிப்பது எப்படி?’ என்று கேட்டால், செக்கிங் மேசைக்குக் கூடுதல் கண்கள் வேண்டும் என்ற ஒரே திசையில்தான் யோசனை போகும். ‘தவறு நேர்ந்த நிமிடத்துக்கும் அது தைத்தவருக்குத் தெரியவரும் நிமிடத்துக்கும் இடையில் எவ்வளவு நேரம்?’ என்று கேட்டுப் பாருங்கள். காலையில் ஓவர்லாக் மெஷினில் ஊசி முனை மழுங்குகிறது. அங்கே தைத்த துண்டுகளின் கட்டு, அதாவது பண்டல், எல்லா மெஷினையும் கடந்து உங்கள் மேசைக்கு மாலையிலோ மறுநாளோ வருகிறது. அதற்குள் அதே ஊசி எத்தனை பீஸைக் குத்தியிருக்கும்! நீங்கள் மாலையில் கண்டுபிடிப்பது தவறின் தடயத்தை மட்டுமே. இப்படிக் கேள்வி மாறியவுடன், செக்கிங் மேசையைச் சுற்றியே நின்ற யோசனை தையல் லைனுக்குள் இறங்குகிறது.

மாற்றி எழுதுவதற்கு ஒரு நடைமுறை சொல்கிறேன். பிரச்சினையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதில் வரும் வினைச்சொல்லை மாற்றுங்கள்: பிடிப்பது, தடுப்பது, தெரிவிப்பது, தாங்கிக்கொள்வது. பிறகு ஆளை மாற்றுங்கள்: இதே பிரச்சினையை ஓவர்லாக் டெய்லர் எப்படிச் சொல்வார், அவருக்கு உதவியாக இருக்கும் கைமடி எப்படிச் சொல்வார், மெக்கானிக் எப்படிச் சொல்வார் என்று அவர்கள் வாயால் எழுதுங்கள். பாதிக்கு மேல் பயனற்றதாகவே இருக்கும். அதைப் பற்றிக் கவலைப்படாமல் பத்துப் பன்னிரண்டு வாக்கியமாவது எழுதி முடியுங்கள், ஏனெனில் முதலில் வரும் மூன்று நான்கும் நீங்கள் ஏற்கெனவே மீட்டிங்கில் சொன்னவையாகத்தான் இருக்கும்.

கூடவே ‘எங்கே இல்லை’ என்ற கேள்வியையும் எழுதிப் பழகுங்கள். ஊசி ஓட்டை எந்த லைனில் வருகிறது என்று பார்க்கும் நாம், எந்த லைனில் வருவதில்லை என்று பார்ப்பதில்லை. சாயம் ஏறிய அடர்நிறத் துணியில் வந்து வெள்ளையில் வரவில்லை என்றால் துணியின் மென்மையைப் பற்றி டையிங்கில் கேட்க வேண்டியிருக்கும். ஒரே துணி இரண்டு லைனில் ஓடி ஒன்றில் மட்டும் வந்தால் ஊசியின் அளவையும், பின்னல் துணிக்கு உரிய பால் பாயின்ட் ஊசிதான் மாட்டியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். தையலை இரண்டு கையாலும் சற்று இழுத்துப் பார்த்தால்தான் சில ஓட்டைகள் வாய் திறக்கும். மேசையில் விரித்துப் பார்ப்பவர் கண்ணுக்கு அவை நல்ல பீஸாகவே தெரியும். செக்கிங் செய்பவர்கள் எல்லாரும் இழுத்துப் பார்க்கிறார்களா, சிலர் மட்டுமா என்பதும் ‘எங்கே இல்லை’ பட்டியலில் சேர வேண்டியதே.

அடுத்து மீட்டிங். எல்லாரும் கூடி உட்கார்ந்து, யாரையும் குறை சொல்லாமல், தோன்றுவதையெல்லாம் சொல்லும் முறையைப் பரப்பியவர் அமெரிக்க விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்பார்ன்; அவருடைய நூல் 1953-இல் வந்தது. ஐந்து ஆண்டுகளுக்குள் யேல் பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்தார்கள். நான்கு பேர் சேர்ந்து சொன்ன யோசனைகளைவிட, தனித்தனியாக யோசித்த வேறு நான்கு பேரின் யோசனைகளை ஒன்று சேர்த்தால் கிடைப்பவை ஏறக்குறைய இரு மடங்காக இருந்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், காத்திருக்கும்போது தன் யோசனை நழுவிவிடும் என்பது பின்னால் வந்த ஆய்வுகள் காட்டிய முக்கியக் காரணம். நம் ஊரில் இதற்கு மேல் இன்னொரு காரணமும் உண்டு. முதலாளியும் புரொடக்‌ஷன் மேனேஜரும் அமர்ந்திருக்கும் அறையில், மேனேஜர் முதலில் வாய் திறந்துவிட்டால் மற்றவர்கள் அவர் சொன்னதையே வேறு வார்த்தையில் சொல்வார்கள். இதை மரியாதை என்றும் சொல்லலாம், பிழைப்பு என்றும் சொல்லலாம்.

ஆகவே பேசுவதற்கு முன் எழுத வையுங்கள். பத்து நிமிடம், பெயர் போடாத துண்டுச் சீட்டுகள், மேனேஜரும் அதே சீட்டில்தான் எழுத வேண்டும். ஆனால் உங்கள் லைனில் ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் எழுதிப் பழக்கமில்லாதவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் சீட்டை நீட்டினால் வெறுமையாகத்தான் திரும்பும். அவர்கள் கையில் ஒரு ஆல்டர் பீஸையும் சாக்கட்டியையும் கொடுங்கள். தைக்கும்போது எந்த இடத்தில் கை தடுமாறுகிறது என்று வட்டம் போடச் சொல்லுங்கள். கழுத்து ரிப்பின் இணைப்பிலோ அக்குளில் நான்கு தையல் சந்திக்கும் இடத்திலோ வட்டங்கள் குவிந்தால், அதைவிடத் தெளிவான அறிக்கையை எந்த மீட்டிங்கும் உங்களுக்குத் தராது.

அபராதம் தொடரும் வரை இது எதுவும் நடக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அபராதம் இருக்கும் இடத்தில் டேமேஜ் பீஸ் பண்டலின் நடுவில் போய் ஒளிந்துகொள்ளும், சாக்கட்டியால் யாரும் வட்டம் போட மாட்டார்கள். தண்டிக்காமல் ஒழுங்கு வருமா என்று உங்கள் முதலாளி கேட்கலாம். அந்த விவாதத்துக்குள் இறங்காமல், சோதனை நடக்கும் லைனில் மட்டும் நிறுத்தி வைக்கக் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்ட இன்னொன்று, அதில் உள்ள பதில்கள் எல்லாம் எதையாவது கூட்டுபவையாக இருப்பது. ஆள் கூட்டுவது, அபராதம் கூட்டுவது. அடுத்த மீட்டிங்கில் ஒரு ரெஜிஸ்டரும் கூடும் என்று நினைக்கிறேன். இது உங்கள் கம்பெனிக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை. 2021-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, ஒரு பொருளையோ திட்டத்தையோ மேம்படுத்தச் சொன்னால் மக்கள் எதையாவது சேர்க்கவே முனைகிறார்கள், எடுத்துவிட்டாலே சரியாகும் இடங்களில்கூட எடுப்பது பற்றி நினைப்பதில்லை என்று காட்டியது. எடுக்கவும் செய்யலாம் என்று நினைவூட்டினால் நிலைமை மாறியது. ஆகவே சீட்டு எழுதும்போது ஒரு சுற்றை இதற்கென்றே ஒதுக்குங்கள்: இந்த வேலையில் எதை நிறுத்தினால், எதைக் குறைத்தால், எதை எடுத்துவிட்டால் ஆல்டர் குறையும்? எனக்கு முதலில் தோன்றுவது பண்டலின் அளவு. பண்டல் பாதியானால் அது கடைசி மேசைக்கு வந்து சேரும் நேரமும் குறையும், ஒரு மழுங்கிய ஊசி நாசமாக்கும் பீஸ்களும் குறையும். பண்டல் டிக்கெட் ஒட்டும் வேலையும் எடுத்து வைக்கும் நடையும் கூடும் என்பது இதன் விலை. அது தாங்குமா என்று ஒரு ஸ்டைலில், அதாவது ஒரே வடிவ ஆடையின் ஆர்டரில், பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தது முரண்பாட்டைக் கூர்மையாக்கும் முறை. சோவியத் நாட்டில் காப்புரிமை ஆவணங்களை ஆயிரக்கணக்கில் படித்து ஆராய்ந்த கென்ரிக் ஆல்ட்ஷூலர், நல்ல கண்டுபிடிப்பு பெரும்பாலும் ஒரு முரண்பாட்டைச் சமரசம் செய்யாமல் தீர்ப்பதாக இருக்கும் என்று கண்டார். பாதிக்குப் பாதி என்று பேரம் பேசாமல், இரண்டு பக்கத்தையும் முழுதாக எழுத வேண்டும். உங்களுடையது இது: ஒவ்வொரு தையலும் பார்க்கப்பட வேண்டும், பார்ப்பதற்கென்று ஒரு நொடியும் செலவாகக் கூடாது. படித்தவுடன் நடக்காத காரியம் போலத் தெரியும், அப்படித் தெரிந்தால்தான் சரியாக எழுதியிருக்கிறோம் என்று பொருள். இப்போது, ஏற்கெனவே அந்தத் தையலைக் கையில் பிடித்திருக்கும் கண் யாருடையது என்று தேடுங்கள். ஸ்லீவ் ஏற்றும் டெய்லர் ஷோல்டர் தையலின் நுனியைப் பிடிக்காமல் வேலையைத் தொடங்க முடியாது. சைடு அடிப்பவர் இரண்டு பக்கத்து ஸ்லீவ் தையலையும் பொருத்திப் பிடித்துத்தான் மெஷினுக்குள் விட வேண்டும். ஆகவே ஒவ்வொருவரும் தான் பிடிக்கும் முந்தைய தையலை மட்டும் பார்த்து, கோணலாக இருந்தால் அப்போதே பின்னால் நீட்டினால் போதும். ஷிங்கோவும் இதே போன்ற அடுத்தவர் சோதனை முறையைத் தொழிற்சாலைகளில் பரிந்துரைத்திருக்கிறார். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கி, தைப்பவருக்குத் திருப்பி நீட்டும் நொடியும் காசுதான். அந்த நொடிக்கு யார் பணம் தருவது என்பதை முன்கூட்டியே தீர்க்காவிட்டால் திட்டம் இரண்டாம் நாளே படுத்துவிடும். இந்தத் துறையில் நல்ல யோசனைகள் தோற்றதற்குக் கற்பனைக் குறைவைவிடக் கூலிக் கணக்கே அதிக முறை காரணமாக இருந்திருக்கிறது என்பது என் கருத்து.

கடன் வாங்குவது அடுத்த முறை. பிற துறைகளில் தீர்ந்துபோன பிரச்சினையை அடையாளம் கண்டு எடுத்துவருவது கேட்க எளிதாக இருக்கும்; ஆனால் கிக், ஹோலியோக் என்ற இருவர் 1980-இல் காட்டியது போல, விடையைத் தன்னுள் வைத்திருக்கும் கதையைச் சற்று முன்புதான் படித்தவர்கள்கூட ‘அந்தக் கதையைப் பயன்படுத்திப் பாருங்கள்’ என்று சொல்லும் வரை அதைத் தொடர்புபடுத்துவதில்லை. மேல்தோற்றம் வேறாக இருப்பதால் மனம் தாண்டிப் போய்விடுகிறது. மதுரையில் 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி, எங்கே போனாலும் ஒரே தரம், ஒரே முறை என்று இயங்கும் அமெரிக்கத் துரித உணவகங்களைப் பார்த்து, கண் அறுவைக்கு அந்த ஒழுங்கு வராதா என்று கேட்டவர். அங்கே ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். உணவகத்துக்கும் கண்புரைக்கும் உள்ள உறவு தானாகத் தெரியக்கூடியது இல்லை, தேடினால்தான் கிடைக்கும்.

தேடும் வழி இது. உங்கள் பிரச்சினையை, தொழிலின் பெயர்ச்சொல் ஒன்றுகூட இல்லாமல் எழுதுங்கள். பனியன், டெய்லர், பண்டல் எதுவும் வேண்டாம்: ‘பலர் கைப்பட்டுச் சேரும் ஒன்றில், ஒருவர் செய்த பிழை எல்லாம் சேர்ந்த பிறகுதான் தெரிகிறது.’ இந்த வாக்கியத்தோடு ஊரைச் சுற்றிப் பாருங்கள். உங்கள் பக்கத்துக் கிராமத்துப் பால் சொசைட்டியிலேயே இது தீர்க்கப்பட்டிருக்கிறது: கேனில் கலந்துவிட்டால் யாருடைய பாலில் தண்ணீர் என்று சொல்ல முடியாது என்பதால், ஊற்றும் இடத்திலேயே ஒவ்வொருவர் பாலிலும் மாதிரி எடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு மெஷினிலும் மணிக்கு ஒரு பீஸை எடுத்து இழுத்துப் பார்ப்பது உங்கள் லைனில் அதற்கு ஈடான வேலை.

இத்தனையும் எழுதிப் பார்த்த பிறகு விட்டுவிட்டு நடக்கப் போகலாம். யோசனை முட்டி நிற்கும்போது வேறு இலகுவான வேலைக்குப் போனால் தெளிவு வரும் என்பதை கிரகாம் வாலஸ் 1926-லேயே எழுதினார். உட்கார்ந்திருக்கும்போதைவிட நடக்கும்போது யோசனைகள் கூடுவதாக 2014-இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு சோதனையும் காட்டியது. ஆனால் முதலில் மண்டையை உடைத்துக்கொண்டவருக்கே இது பலன் தரும். கைபேசியைப் புரட்டுவதை இதில் சேர்க்க வேண்டாம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. உங்கள் ஆல்டரில் ஒரு பகுதிக்குப் புதிய யோசனை எதுவும் தேவைப்படாது. ஊசி மாற்ற ஒரு கால அளவு இல்லாமல், ஒடியும் வரை ஓட்டுவது வழக்கமாக இருந்தால், ஊசிப் பெட்டி வாங்கி வைத்து மாற்றும் நேரத்தை எழுதிப் போட வேண்டும், அவ்வளவுதான். எண்ணெய்க் கறைக்கும் அப்படியே. மெக்கானிக் காலையில் மெஷினைத் துடைத்து, ஒரு கழிவுத் துணியில் தைத்துப் பார்த்துவிட்டால் பெரும்பகுதி போய்விடும். இவற்றைச் செய்துவிட்டு, மிஞ்சி நிற்பதை மேலே சொன்ன முறைகளுக்குக் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் புது முறை வெற்றி பெற்றதா, புது ஊசி வெற்றி பெற்றதா என்று உங்களுக்கே தெரியாது.

முதலாளியிடம் இரண்டே கோரிக்கைகள் வையுங்கள்: ஒரு லைன், ஒரு ஸ்டைல் முடியும் வரை அபராதம் இல்லை, அந்த லைனில் பின்னால் திருப்பி நீட்டும் நேரத்துக்குக் கூலி உண்டு. தொடங்கும் முன் பழைய முறையிலேயே ஒரு வாரம், எந்த மெஷினில் எந்தத் தவறு, அது எத்தனை மணிக்குத் தைத்தது, எத்தனை மணிக்குக் கண்டுபிடித்தது என்ற நான்கு விவரங்களை மட்டும் எழுதி வையுங்கள். பண்டல் டிக்கெட்டின் பின்பக்கமே இதற்குப் போதும். தனி ரெஜிஸ்டர் போட வேண்டாம்.